வெள்ளிக்கிழமை முத்திரை

ஷேக் தாவூதுக்கு முதலில் அநியாயம் செய்தவர் குமாஸ்தா தேசிகன். அதில் தாவூதுக்குச் சந்தேகமே கிடையாது.

1955 ஜூன் மாதம். மகள் ஹபீபா எஸ்.எஸ்.எல்.சி. தேறி, பட்டணத்துக் காலேஜில் இடமும் பிடித்துவிட்டாள். சர்க்கார் உபகாரச் சம்பளம் கிடைத்தால் படிப்பு. இல்லாவிட்டால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு புதுப்பட்டினத்துக்கே திரும்ப வேண்டியதுதான். ரங்கூன் ஜவுளிக்கடை போனபின் தாவூதுக்கு மிச்சம் ஒரு டீக்கடை.

கடையைச் சாத்திவிட்டு, மனுவோடு பஸ் ஏறிச் செங்கற்பட்டுச் சர்க்கார் ஆபீஸுக்குப் போனார்.

"ரங்கூன்லேர்ந்து எப்போ வந்து இறங்கினீர்?" என்று கேட்டார் தேசிகன்.

"அம்பத்திரண்டு ஆகஸ்ட்டு பன்னெண்டு. கப்பல் சீட்டு கீது சாமி, பாக்கறீங்களா?"

தேசிகன் சீட்டைப் பார்க்கவில்லை. சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தார். மனுவைத் திருப்பித் தள்ளினார்.

"ஓரத்துல இடம் விடலை. வேற காகிதத்துல எழுதிண்டு வாரும்."

எழுதிக்கொண்டு போனார். கறுப்பு மையில் கையெழுத்துப் போடக் கூடாதாம். மூன்றாம் தடவை, மணியக்காரர் போட்ட சீல் கோணலாம். நாலாம் தடவை, இனிஷியல் இல்லையாம்.

"மொதல்ல வரவு முத்திரையைக் குத்து சாமி! அப்புறமா குத்தம் சொல்லு!"

"குத்தினா மனு அதிகாரி மேஜைக்குப் போயிடும். குறையுள்ள மனுவை நான் அனுப்பறதில்லை."

ஐந்தாம் தடவை தாவூதுக்குப் பொறுமை போய்விட்டது. நேரே அதிகாரி அறையைப் பார்த்து நடந்தார். ஈர்க்குச்சி உடம்பு தேசிகன் நாற்காலியிலிருந்து பாய்ந்து வந்து வாசலை மறித்தார்.

"இன்னா, ஒங்கப்பன் வூட்டு ஆபீஸா?"

"அப்படியே வெச்சுக்கும். வெளியே போம்!"

ஆகஸ்ட் முதல் வாரம், ஆறாம் தடவை, காகிதத்தைத் தொடக்கூட இல்லை.

"பன்னெண்டாம் தேதி வெள்ளிக்கிழமை வாரும்."

"பதிமூணு கெடு முடியுதே! வெள்ளிக்கெழம ஜும்மா வேற. வியாழக்கெழம வரேன் சாமி."

"வெள்ளிக்கிழமை."

"வேணும்னே பண்றே!"

"ஆமாம்."

தாவூது குரலை உயர்த்தினார். "எம் பொண்ணு படிப்புல மண்ணு போடறே. ஒன் வூட்டுல ஒரு புள்ளைக்கும் படிப்பு ஏறாது, பார்!"

ஆபீஸே திரும்பிப் பார்த்தது. தேசிகன் தலையைக் குனிந்து அடுத்த கட்டைப் பிரித்தார்.

வெள்ளிக்கிழமை ஜும்மாவை விட்டுவிட்டுப் போனார். மனுவை நீட்டிய பிறகுதான் கண்ணில் பட்டது. அவசரத்தில் முதன்முதலாக எழுதிய காகிதத்தையே எடுத்து வந்திருக்கிறார்! ஓரம் இல்லை, கையெழுத்து கறுப்பு மை.

தேசிகன் மனுவைப் படிக்கவே இல்லை. முத்திரையில் தேதியை ஒரு தரம் சரிபார்த்து, ஓங்கிக் குத்தினார்.

செப்டம்பரில் உத்தரவு வந்தது. உபகாரச் சம்பளம் கிடைத்துவிட்டது.

"என் வாய்க்குப் பயந்துக்கினுதான் குத்தினான்!" என்றார் தாவூது, கடையில் இருந்த எல்லோருக்கும் கேட்கும்படி.

லீவில் வந்திருந்த ஹபீபா உத்தரவைக் கடைசி வரைக்கும் படித்தாள்.

"அத்தா, இதைக் கேளுங்க. 'வெளிநாட்டிலிருந்து திரும்பியவர், மனு வரவு வைத்த நாளில் இங்கே மூன்று வருஷம் குடியிருந்து முடித்திருக்க வேண்டும். ஒரு தரம் தள்ளுபடியானவர் மறுபடி மனுச் செய்ய முடியாது.'"

"அதுக்கு இன்னா?"

"நாம கப்பலை விட்டு இறங்கி மூணு வருஷம் என்னிக்கு முடிஞ்சுது?"

தாவூது விரல் விட்டு எண்ணினார். இன்னொரு தரம் எண்ணினார். முத்திரை விழுந்த அதே வெள்ளிக்கிழமை! அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. அவர் திரும்பவில்லை.

மறுநாள் எட்டாவது தடவையாகச் செங்கற்பட்டுக்குப் போனார். வரிசையில் நின்று தேசிகன் மேஜைக்கு வந்தார்.

"சாமி, 'கொஞ்சம் பொறும் பாய்'னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, புள்ளைங்க மேல நான் அந்தச் சாபம் வுட்டிருப்பேனா?"

தேசிகன் அதிகாரி அறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

"டீக்கடைக்காரர்கிட்ட சொல்ற விஷயமா ஓய் அது?"

தாவூதுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. ஆனாலும் விடவில்லை.

"அந்த ஒரு வார்த்தை எனக்குப் பாக்கி சாமி. வாங்காம வுடமாட்டேன்."

"அடுத்த ஆள்!" என்றார் தேசிகன்.