தலைகீழாய் நாலு நரம்பு

பட்டறைக்குள் அந்த டீச்சர் சிரிக்கும் சத்தம் கேட்டதும், காபியோடு வந்த கல்யாணசுந்தரி வாசலிலேயே நின்றுவிட்டாள். வழக்கம்போல ஒரு டம்ளர்தான் கொண்டுவந்திருந்தாள். இன்னொன்றுக்கு இன்னொரு நடை நடக்க வேண்டும்.

ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள். பக்கத்துத் தெருவுக்குக் குடிவந்திருக்கும் ப்ரியதர்ஷினி டீச்சர், குட்டி கிட்டார் மாதிரி இருக்கும் தன் யுகுலேலியை மடியில் வைத்து மீட்டிக்கொண்டிருந்தாள். எதிரே கல்யாணசுந்தரியின் புருஷன் காளீஸ்வரன் கண் கொட்டாமல் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். வெட்கங்கெட்ட மனுஷன், அப்படி என்னதான் இருக்கிறதோ அந்தக் கையில்!

அப்புறம் அவன் வாங்கி வாசித்தான். கோவில்பட்டியில் உட்கார்ந்து சென்னைக்கும் பெங்களூருக்கும் யுகுலேலி செய்து அனுப்புகிறவன், நேற்றுத்தான் முதல்முதலாகத் தொட்டவன் மாதிரித் தடுமாறினான். டீச்சர் மறுபடியும் சிரித்தாள். தெரியாதவன் மாதிரி நடிக்க வேறு செய்கிறானே என்று கல்யாணசுந்தரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காபியைக் கொடுக்காமலே திரும்பிவிட்டாள்.

முன்பெல்லாம் அந்தப் பட்டறையில் அவளுக்கும் ஓர் இடம் இருந்தது. புதுசாக எதைச் செய்து முடித்தாலும் முதல் மீட்டு அவளுடையதுதான். அவள் சரி என்று தலையாட்டிய பிறகுதான் அது பெட்டிக்குள் போகும். கடலைமிட்டாய்க் கம்பெனியில் கொதிக்கிற பாகு மேலே கொட்டிய நாளிலிருந்து அவள் வேலைக்கும் போவதில்லை, பட்டறைக்குள்ளும் நுழைவதில்லை. வா என்று அவனும் கூப்பிடவில்லை. எதற்குக் கூப்பிடுவான்? அதற்குத்தான் இன்னொருத்தி வந்துவிட்டாளே.

டீச்சர் புறப்பட்டுப் போனாள். அவனும் பசை வாங்க வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினான். கல்யாணசுந்தரி மனசு கேட்காமல் பட்டறைக்குள் போனாள்.

பெஞ்சின் மேல் துணி போர்த்தியபடி ஒரு புது யுகுலேலி இருந்தது. துணியை விலக்கியதுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. மேலிருந்து இரண்டாவதாக இருக்க வேண்டிய தடித்த நரம்பு, கீழிருந்து இரண்டாவதாக இருந்தது. நாலு நரம்பும் தலைகீழ். எல்லாரும் இடது கையால் நரம்பை அமுக்கி வலது கையால் மீட்டுவார்கள். அதை மாற்றிச் செய்கிற இடக்கைக்காரர்களுக்குத்தான் இப்படிக் கட்டுவது.

டீச்சர் இடக்கைக்காரி. போன வாரம் கடம்பூர் போளியை இடது கையால் நீட்டிவிட்டு, பதறிப்போய் வலது கைக்கு மாற்றிக் கொடுத்தாளே. ஆர்டருக்குச் செய்ததாக இருந்தால் உள்ளே கடைச் சீட்டு ஒட்டியிருப்பான். இதில் சீட்டும் இல்லை. ஆசை ஆசையாகச் செய்திருக்கிறான்.

இனி இந்த வீட்டில் நமக்கு என்ன வேலை? அதன் கழுத்தைப் பிடித்துத் தூக்கி, பெஞ்சு முனையில் அடிக்க ஓங்கினாள்.

"அத வையி, கல்யாணி."

போன வேகத்திலேயே காளீஸ்வரன் திரும்பி வந்திருந்தான். பர்ஸை மறந்துவிட்டுப் போயிருக்கிறான்.

"இது யாருக்கு? அந்த டீச்சருக்குத்தான?"

அவன் கோபப்படவில்லை. டீச்சரிடம் சொந்தமாக ஒன்று இருப்பதைத்தான் கல்யாணியும் பார்த்திருப்பாளே என்றான். டீச்சர் இங்கன படிக்க வரல, சொல்லித்தர வாராவ என்றும் சொன்னான்.

"யாருக்குச் சொல்லித்தாராவ?"

"எனக்கு. இடக்கையால நரம்பத் தட்டுதது எப்படின்னு நான் படிக்கேன். எனக்கு வந்தாத்தான அடுத்தவுகளுக்குச் சொல்லிக்குடுக்க முடியும்."

அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஓங்கிய யுகுலேலி மெல்லக் கீழே இறங்கியது. அவன் அதை வாங்கி அவள் மடியில் சாய்த்து வைத்தான். கழுத்துப் பக்கம் அவளுடைய வலது கைக்கு வந்தது.

"இன்னும் ஒருத்தரும் இத மீட்டல. மொத மீட்டு ஒன்னோடதுல்லா."

எப்போதும் முந்தானைக்குள் சுருண்டு கிடக்கிற அவளுடைய இடது கையை வெளியே எடுத்தான். அவள் வெடுக்கென்று இழுத்தாள், அவன் விடவில்லை. பாகில் வெந்து விரல்கள் ஒட்டிப்போன அந்தக் கையை நரம்பின் மேல் கொண்டுபோய் வைத்தான்.

"அமுக்கத்தாம்ட்டி விரலு பிரியணும். தட்டுததுக்கு இது போதும்."