சேறு என்று சொன்ன நீலம்

"யாரைக் கேட்டு இதுல கை வெச்ச?"

அக்கா இன்னும் உட்காரக்கூட இல்லை. தோளில் தொங்கிய பையோடு கண்ணாடி அலமாரியின் முன்னால் நின்றபடியே கேட்டாள்.

தண்ணீர் கொண்டுவர உள்ளே திரும்பிய தங்கை நின்றாள். "எதுலக்கா?"

அலமாரிக்குள் விரல் உயரத்தில் பன்னிரண்டு கெல்ட் வீரர்கள் நின்றார்கள். அவுரி போல நீலம் தரும் ஓட் என்ற செடியின் இலைச்சாயத்தை உடம்பெல்லாம் பூசிக்கொண்டு போருக்குப் போன பழங்காலத்து ஐரோப்பிய மனிதர்கள். அவர்கள் மார்பிலும் தோளிலும் இருந்த நீலக் கோடுகளும் சுழிகளும் அக்கா தன் கையால் எழுதியவை.

நான்கு வருடம் முன்பு வரை இருவரும் இதே அறையில்தான் பொம்மைகளுக்கு வண்ணம் தீட்டினார்கள். அருங்காட்சியகத்துக்கு அனுப்பிய பதின்மூன்று வீரர்களில் பன்னிரண்டு அக்காவுடையவை, ஒன்று தங்கையுடையது. பதின்மூன்றும், 'நிறம் பொருந்தவில்லை' என்ற ஒற்றை வரியோடு திரும்பி வந்தன. தங்கையின் அந்த ஒன்றுதான் எல்லாவற்றையும் கெடுத்தது என்று அக்கா முடிவு கட்டினாள். "இது நீலமா? சேறு. பிரஷ் கழுவத்தான் நீ லாயக்கு" என்றாள். வாய் தவறி வந்த வார்த்தை அல்ல. வலிக்கும் என்று தெரிந்தே சொன்னாள். அந்த வாரமே வேறு வீடு பார்த்துப் போய்விட்டாள். தங்கை அதற்குப் பிறகு பிரஷைத் தொடவில்லை, ஒரு மருந்துக் கடையில் வேலைக்குப் போகிறாள் என்பதெல்லாம் அக்காவுக்கு யாரோ சொல்லித்தான் தெரியும்.

இன்று அக்கா சண்டை போட வரவில்லை. அருங்காட்சியகத்துக்குப் புதிதாக வந்திருக்கும் அதிகாரி, அந்த வீரர்களை மறுபடி பார்க்க விரும்புகிறார். அதைச் சாக்கிட்டு, 'நீயும் திரும்ப வாயேன்' என்று தங்கையிடம் கேட்டுவிட வேண்டும் என்று பஸ்ஸில் வழியெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தாள். கதவைத் திறந்த தங்கை, "என்ன, சினிமா நடிகை மாதிரி கறுப்புக் கண்ணாடியெல்லாம்?" என்று சிரித்தபோது அது தொண்டை வரை வந்தும் விட்டது. உள்ளே வந்து கண்ணாடியைக் கழற்றினாள். சுவர்கள் புதிதாக வெள்ளை அடித்ததுபோல் பளிச்சென்றிருந்தன. அப்புறம்தான் அலமாரியைப் பார்த்தாள். ஒத்திகை பார்த்ததெல்லாம் மறந்துபோயிற்று.

"பிளாஸ்டிக் வாளி நிறத்துல இருக்கு. மனுஷன் தோல்மேல இப்படி ஒரு நீலம் நிக்குமா? இலைச்சாயம்டி. கொஞ்சம் சாம்பல் ஓடணும். தோலோட தோலா அடங்கியிருக்கணும். அப்படித்தானே நான் அடிச்சிருந்தேன்? என்மேல இருந்த கோவத்தை இதுங்க மேலயா காட்டுவ?"

தங்கை பதில் பேசவில்லை. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். இவள் பொரிந்து தள்ளுவாள், அவள் கேட்டுக்கொண்டு நிற்பாள். அந்த மௌனத்தைக் குற்றத்தின் அடையாளமாக எடுத்துக்கொள்வது அக்காவுக்கு எப்போதும் வசதியாக இருந்திருக்கிறது.

தங்கை உள்ளறைக்குப் போனாள். பஞ்சில் சுற்றிய ஒரு பொம்மையைக் கொண்டுவந்து அக்காவின் உள்ளங்கையில் வைத்தாள்.

அக்கா ஜன்னலோரம் நகர்ந்து அதை வெளிச்சத்தில் பிடித்தாள். சாம்பல் ஓடிய நீலம். வண்ணம் பூசியதாகவே தோன்றவில்லை. சாயத்துக்கு அடியில் ஒரு மனிதன் மூச்சுவிடுவது போலிருந்தது. அவள் குரல் தழைந்தது.

"இதோ, இதுதான். நான் அடிச்சதுல இந்த ஒண்ணையாவது விட்டுவெச்சியே."

"அடியில பாருக்கா."

புரட்டினாள். பீடத்தின் அடியில், தங்கை தன் பொம்மைகளுக்கு மட்டும் வைக்கும் மூன்று புள்ளிகள் இருந்தன.

"நீ சேறுன்னு சொன்னியே, அது." தங்கையின் குரலில் கோபமில்லை. "அந்த அலமாரிக்குச் சாவி ஒண்ணுதான். போகும்போது நீதான் கையோட எடுத்துட்டுப் போன. நாலு வருஷமா நான் வெளிக்கண்ணாடியைத் துடைக்கிறதோட சரி."

அக்கா பைக்குள் கைவிட்டுத் துழாவினாள். சாவிக்கு முன்னால் கண்ணுக்கு விடும் சொட்டு மருந்துக் குப்பி விரலில் தட்டுப்பட்டது. போன மாதம் இரண்டாவது கண்ணின் கட்டையும் பிரித்துவிட்டு டாக்டர் சிரித்துக்கொண்டே சொன்னது நினைவுக்கு வந்தது.

"ரெண்டு கண்ணுலயும் புரை விழுந்து அஞ்சாறு வருஷம் ஆயிருக்கும்மா. இனிமேதான் உங்களுக்கு நீலம் நீலமாத் தெரியும்."