இன்னும் கொஞ்சம் தெளிவாக

"திரும்பவும் அதே படமா? அந்த ஹீரோயின் மேல உங்களுக்கு அப்படி என்ன சார் பைத்தியம்?"

டிஸ்க் கடைக்காரர் கேட்டதும் வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். படம் கேட்டு நின்ற லிஃப்ட் மெக்கானிக் நெளிந்தான். அவன் குடியிருக்கும் தெருவில் அவனுக்குப் பெயரே 'ப்ளூரே' என்றாகிவிட்டதால், இந்தச் சிரிப்பெல்லாம் பழக்கம்தான்.

ஒரு காலத்தில் இந்தக் கடைக்காரர் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். போனிலேயே எல்லாப் படமும் கிடைக்கும்போது டிஸ்க் வாங்குகிறவனுக்கு மறை கழன்றுவிட்டது என்று ஊரே சொன்னது. இப்போதோ போனில் நேற்று இருந்த படம் இன்று காணோம், சந்தா கட்டியவன் திருதிருவென்று விழிக்கிறான். கடையில் நிற்க இடமில்லை. மீசை முளைக்காத பிள்ளைகள்கூட டிஸ்க் வரும் நீலப் பெட்டிகளை அடுக்கி வைத்து, பக்கத்தில் நின்று செல்ஃபி எடுக்கிறார்கள்.

"இது ஃபோர் கே சார். ஒரிஜினல் நெகட்டிவ்ல இருந்தே எடுத்திருக்காங்க. சட்டையில இருக்கிற பொத்தான் நூல்கூடத் தெரியுமாம்."

"கூட்டத்துல பின்னாடி நிக்கிறவங்க முகம் தெரியுமா?"

"நல்லா இருக்கே! ஹீரோயினை விட்டுட்டுக் கூட்டத்தையா பாக்கப் போறீங்க?"

அவன் டிஸ்கை வாங்கி டூல்ஸ் பைக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினான்.

மற்ற டிஸ்க் எது வந்தாலும் மனைவி மல்லுக்கு நிற்பாள். "மனுஷங்க உக்கார இடமில்ல, டிஸ்குக்கு மூணு அலமாரி" என்பாள். இந்த ஒரு படத்துக்கு மட்டும் வாயைத் திறக்க மாட்டாள். காரணம் அவளுக்குத் தெரியும்.

அவன் தவழ்ந்துகொண்டிருந்த வயதிலேயே அம்மா கண்ணை மூடிவிட்டாள். வீட்டில் இருந்த ஒன்றிரண்டு போட்டோக்களை வெள்ளம் கொண்டுபோனது. மிச்சம் இருப்பது இந்தப் படத்தில் வரும் ரயில் நிலையக் காட்சிதான். அப்பா அப்போது படப்பிடிப்புக்கு ஜெனரேட்டர் வண்டி ஓட்டினார். சாப்பாடு எடுத்து வந்த அம்மாவையும் கூட்டத்தோடு கூட்டமாக நிற்கச் சொல்லிவிட்டார்களாம்.

பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த வயதில், அம்மாவைப் பார்க்க வேண்டும் என்று அவன் தரையில் புரண்டு அழுத நாளில், அப்பா வீடியோ டேப்பை நிறுத்திக் காட்டினார். திரையின் ஓரத்தில் பச்சையாய் ஒரு தீற்றல். அதற்குக் கண்ணும் இல்லை, மூக்கும் இல்லை.

அந்தத் தீற்றலுக்கு ஒரு முகம் கிடைத்துவிடாதா என்றுதான் அவன் அலைந்தான். டிவிடி வந்தது; தீற்றலுக்குத் தலை முளைத்தது, அவ்வளவுதான். அதைவிடத் தெளிவான டிஸ்க் என்று முதல் ப்ளூரே வந்தபோது, தூசி துடைக்கிறேன் பேர்வழி என்று கம்பெனிக்காரன் முகத்தையும் சேர்த்துத் துடைத்திருந்தான். அடுத்த பதிப்பில் படத்தின் ஓரத்தையே வெட்டிவிட்டார்கள். அன்று அவன் சாப்பிடவே இல்லை. ஒவ்வொரு முறையும் அப்பா, "இருக்கிறதே போதும்டா, எதுக்கு வீண் அலைச்சல்?" என்றுதான் சொன்னார். அவன் கேட்டால்தானே!

இன்று டிவிக்கு முன்னால் குடும்பமே உட்கார்ந்தது. ரயில் நிலையம் வந்ததும் ரிமோட்டை அழுத்தினான். முன்னால் ஹீரோயின் கண்ணீரும் கம்பலையுமாக உறைந்து நின்றாள். அவளை யாரும் சீண்டவில்லை.

ஓரத்தில், பச்சை உடுப்பில், ஒரு பெண் இருந்தாள். முழுசாக இருந்தாள். நெற்றியில் பறக்கும் முடி, கொஞ்சம் தூக்கிய முன்பல், மோவாயில் ஒரு மச்சம். கேமராவைப் பார்க்கக் கூடாது என்று யாரோ சொல்லியும் திருட்டுத்தனமாகப் பார்த்துவிட்ட கண்கள்.

"அம்மா" என்றான். நரைக்கத் தொடங்கிவிட்ட அந்த மனிதன் திரைக்கு முன்னால் மண்டிபோட்டு, தொடப் பயந்து, விக்கி விக்கி அழுதான்.

"அப்படியே உங்க மூக்குங்க" என்றாள் மனைவி, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "அந்தப் பல்லு நம்ம பாப்பாவுக்கு வந்திருக்கு, பாருங்களேன்."

அப்பா மட்டும் திரையைப் பார்க்கவில்லை. மகனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, கிட்ட வந்து பாருங்க. அம்மா இப்படித்தானே இருந்தாங்க?"

"ம்... இப்படித்தான்" என்றார் அப்பா. "தொண்டை வறளுது. தண்ணி குடிச்சிட்டு வரேன்."

சமையலறையில் அவர் குழாயைத் திறந்துவிட்டு, தம்ளரை நீட்டாமல் நின்றுகொண்டிருந்தார். மருமகள் பின்னாலேயே வந்தாள். இத்தனை வருஷமாக இந்த டிஸ்க் பைத்தியத்தைக் கரித்துக்கொட்டியது அவளுக்கு இப்போது உறுத்தியது.

"அழாதீங்க மாமா. இத்தனை வருஷம் கழிச்சு அத்தையைப் பார்த்தா யாருக்குத்தான் தாங்கும்? நாளைக்கே அந்த முகத்தைப் பெரிசா பிரிண்ட் போட்டு ஹால்ல மாட்டப் போறாராம். அவர் இவ்வளவு சந்தோஷமா இருந்து நான் பாத்ததே இல்ல."

பெரியவர் குழாயை இன்னும் திருகினார். தண்ணீர் இரைச்சல் கூடியது. மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அவன் காதுல விழுந்துடக் கூடாதும்மா... அன்னிக்கு அவன் அழுகையை நிறுத்த, மூஞ்சி தெரியாத யாரோ ஒருத்தியைக் கை காட்டிட்டேன்."