களியும் கோழிக்குழம்பும்

"வூட்ல அடுப்பு எதுக்குடா வாங்கி வச்சிருக்கீங்க? பூனை படுத்துத் தூங்கவா?"

திருப்பதியில் அந்த மெஸ்ஸின் வாசலில் நின்றுகொண்டு கன்னையா மகனைக் கேட்டார். உள்ளே ஒரு மேசையும் காலியில்லை.

"எத்தினி குடும்பம் பாரு. இந்தக் காலத்து ஜனங்களுக்கு வூட்டுச் சோறு தொண்டையில எறங்க மாட்டேங்குது. கும்பலா வந்து, எவன் ஆக்கினதோ எவன் கழுவினதோ, அதைப் போட்டோ புடிச்சிக்கினு துன்றானுங்க. ஞாயித்துக்கிழமையானா இதே பொழப்பு."

"இன்னிக்குப் புதன்கிழமை நைனா," என்றான் யோகேஷ்.

"அப்ப ஞாயித்துக்கிழமை இன்னும் மோசம்."

மருமகள் கீர்த்தி சிரித்தாள். அவளுக்கு இது ஏழாவது மாதம். நிற்க முடியாமல் சுவரில் சாய்ந்திருந்தாள்.

"எங்க அடுப்பு சும்மாதான் கிடக்குது மாமா. வாங்க, இன்னிக்கே பத்த வைக்கிறேன்."

கன்னையா அவளைப் பார்க்காமல் மகனிடம் சொன்னார்.

"மூணாவது மாடி. எனக்கு முட்டி வலி."

"லிப்ட் இருக்குதே."

"நடுவுல கரென்ட் போச்சின்னா? என்னை வெளிய எடுக்க எவன் வருவான்?"

கல்யாணமாகி இரண்டு வருஷம். மாதம் ஒருமுறை சர்க்கரை பார்க்கப் பிச்சாட்டூரிலிருந்து பஸ்ஸில் வருவார். டாக்டரைப் பார்ப்பார். மத்தியானம் மகன், மருமகளோடு ஓட்டலில் சாப்பிட்டுவிட்டு பஸ் ஏறிவிடுவார். மகன் வீட்டு வாசற்படியை ஒருநாளும் மிதித்ததில்லை.

யோகேஷுக்கும் கீர்த்திக்கும் திருப்பதியில் புதிதாகத் திறக்கிற ஓட்டல் ஒன்றையும் விடக் கூடாது. இவரையும் எல்லா இடத்துக்கும் இழுத்துப் போனார்கள். மோமோவைப் பிட்டுப் பார்த்து, "கொழுக்கட்டையில எவனாவது முட்டைகோஸு வைப்பானா?" என்றார். நூடுல்ஸைக் கண்டதும் எழுந்தே விட்டார். மந்தி பிரியாணிக் கடையில் எல்லாருக்கும் சேர்த்து ஒரே பெரிய தட்டு வந்தது. தனக்குத் தனித் தட்டு வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டார்.

இந்த மெஸ் ஒன்றுதான் அவருக்குப் பிடித்தது. கேழ்வரகுக் களி, நாட்டுக்கோழிக் குழம்பு. ஆறு மாதமாக வேறெங்கும் வரமாட்டேன் என்றார்.

மேசை கிடைத்தது. கன்னையா டம்ளரைத் துண்டால் துடைத்தார். திருப்தி இல்லாமல் இன்னொரு தடவை துடைத்தார்.

"இன்னிக்குக் கேட்டுடுங்க," என்று கீர்த்தி கணவன் காதில் சொன்னாள். "வெள்ளிக்கிழமை வளைகாப்பு. மாமா வந்து நம்ம வூட்ல கை நனைச்சா போதும். எனக்கு வேற ஒண்ணும் வேணாம்."

களி வந்தது. கன்னையா குனிந்த தலை நிமிரவில்லை. குழம்பை மூன்று தடவை கேட்டு வாங்கினார்.

"எப்படி இருக்குது நைனா?"

"மொளகா தூக்கல். பரவால்ல."

அவர் வாயிலிருந்து 'பரவால்ல' வருவது மாலை போட்ட மாதிரி. யோகேஷுக்குத் தைரியம் வந்தது.

"வெள்ளிக்கிழமை வந்துடு நைனா."

"அன்னிக்குக் கரும்பு வெட்டு."

"போன தடவை கேட்டப்ப வேர்க்கடலை. அதுக்கு முன்னால மோட்டார் ரிப்பேரு. நெசத்தைச் சொல்லு. அவ காலனிப் பொண்ணு, வேற சாதி. அதானே?"

பக்கத்து மேசையில் ஒருவர் திரும்பிப் பார்த்தார். கன்னையா குரலைத் தாழ்த்தினார்.

"கத்தாதடா. அவ மேல எனக்கு ஒண்ணும் இல்ல. ஊர்ல நாலு பேர் மொகத்துல நான் முழிக்கணும். காலனியில சம்பந்தம் வச்சி, அவ கையால வாங்கித் துன்னான்னு பேசுவானுங்க."

"அப்படியா? இந்தச் சமையல்கட்டுல நிக்கறது யாருன்னு தெரியுமா உனக்கு?"

கீர்த்தி கணவனின் கையைப் பிடித்தாள். அவன் நிறுத்தவில்லை.

"இவ அம்மா. கங்கம்மா. ஆறு மாசமா அவங்க ஆக்கினதைத்தான் கேட்டுக் கேட்டுத் துன்னுக்கினு இருக்கே. உனக்கு என்னா கொறைஞ்சு போச்சி? ஊரு இடிஞ்சா வுழுந்துச்சி? இனிமே எங்க வூட்ல ஒரு வாய் துன்னா என்னா?"

சமையல்கட்டு வாசலில் கங்கம்மா முந்தானையில் கை துடைத்தபடி வந்து நின்றாள். அவளுக்கு எல்லாம் கேட்டிருந்தது. சம்பந்தி இப்போதாவது தன்னை ஒரு தடவை நிமிர்ந்து பார்ப்பார் என்று நின்றாள்.



கன்னையா அதிர்ந்ததாகத் தெரியவில்லை. மிச்சமிருந்த களியை உருட்டி, தட்டோரத்துக் குழம்பைச் சுத்தமாக வழித்து, வாயில் போட்டு விழுங்கினார்.

"மொத நாளு வாசனையிலயே தெரியும்டா," என்றார். "இருபது வருஷம் என் கழனியில நாத்து நட்டவ. மத்தியானம் தூக்கைத் தெறந்தா வாசனை மோட்டார் கொட்டாய் வரைக்கும் வரும். ஊர்ல ஒரு வாய் கேட்டிருக்க முடியுமா? இங்க ஓட்டலு, எவனும் கேக்க மாட்டான். அதுக்காகத்தான் இங்கயே கூட்டிக்கினு வரச் சொன்னேன்."

"அப்ப... வெள்ளிக்கிழமை, மாமா?" என்று கேட்டாள் கீர்த்தி.

கன்னையா எழுந்து கை கழுவினார். கங்கம்மா நின்ற பக்கம் திரும்பாமலே அவளைத் தாண்டினார்.

"ஓட்டலு வேற, வூடு வேற. அடுத்த மாசம் ஆஸ்பத்திரி முடிச்சிட்டு நேரா இங்கயே வந்துடறேன், குழம்பு மட்டும் கொஞ்சம் எடுத்து வைக்கச் சொல்லு," என்று மகனிடம் சொல்லிவிட்டு, பிச்சாட்டூர் பஸ்ஸைப் பிடிக்க நடந்தார்.