கல்பனாவுக்கு இன்னொரு டெஸ்ட்

புத்தூர் ஆஸ்பத்திரியில் எச்.ஐ.வி. டெஸ்ட் எடுக்கிற அறைக்குள், கையில் பெரிய கட்டோடு வந்து நின்றாள் கல்பனா. பின்னாலேயே அவள் புருஷன் புருஷோத்தமன், மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையில்.

"கை உடைஞ்சா இங்க ஏம்மா வந்த?" என்றாள் டெஸ்டுக்கு முன் ஆலோசனை சொல்லும் கவுன்சிலர் யாமினி.

"கை நல்லாதான் கீது மேடம். புத்தூருக்குப் போறேன்னா எதுக்குன்னு ஊர்ல கேப்பாங்க இல்ல? கட்டோட கெளம்பினா புத்தூர்ல எலும்பு வைத்தியத்துக்குன்னு நெனச்சு உட்ருவாங்க," என்றான் புருஷோத்தமன். என்ன ஒரு மூளை!

யாமினிக்கு இந்த ஜோடியைத் தெரியும். ஆடியில் வந்தார்கள். பொங்கலுக்கு முன்னால் வந்தார்கள். எப்போது வந்தாலும் ஊசி கல்பனாவுக்குத்தான். எப்போதும் 'இல்லை' என்றுதான் ரிசல்ட்.

அவனை வெளியே உட்காரச் சொன்னாள்.

"உனக்கு இஷ்டம் இல்லன்னா வேணாம்மா. யாரும் கட்டாயப்படுத்த முடியாது."

"எடுத்துடுங்க மேடம். மாட்டேன்னா தப்பு பண்ணிக்கினு மறைக்கிறேன்னு ஆயிடும்." கல்பனா அழுதுவிட்டாள். "என் புள்ளைங்க மேல சத்தியமா, நான் எவனையும் ஏறெடுத்துப் பார்த்ததில்ல. இன்னும் எத்தினி வாட்டி சந்தேகப்படுவாரு?"

ரத்தம் எடுத்தார்கள். இந்தத் தடவையும் ஒன்றும் இல்லை.

"நீங்களே அவருகிட்ட சொல்லுங்க மேடம். நான் சொன்னா நம்ப மாட்டாரு," என்று வெளியே போனாள்.

உள்ளே வந்த புருஷோத்தமன் விஷயம் கேட்டதும், "ஏழுகொண்டலவாடா!" என்று திருப்பதி இருக்கும் திசைக்கு ஒரு கும்பிடு போட்டான்.

யாமினிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "சிக்கு லேதா? வெக்கமா இல்ல? தங்கமான பொண்ணைப் போய் சந்தேகப்படறியே!"

அவன் பதறிப்போனான்.

"ஐயையோ, அவளையா? கற்பூரம் அணைச்சு சத்தியம் பண்றேன் மேடம். அவ மேல எனக்குத் துளிகூட சந்தேகம் கிடையாது."

"அப்புறம் யார் மேலய்யா சந்தேகம்?"

கதவுப் பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினான்.

"என் மேலதான். அவளுக்கு இல்லன்னா எனக்கும் இல்லன்னுதானே அர்த்தம்?"

"எவன்யா சொன்னது? உனக்கு இருக்கா இல்லையான்னு உன் ரத்தத்துலதான் தெரியும். உக்காரு, இப்பவே எடுத்துடலாம்."

புருஷோத்தமன் துள்ளிப் பின்வாங்கினான்.

"நானா? நல்லா சொன்னீங்க போங்க! அவளுக்கு வந்தா மாத்திரை வாங்கிக் குடுத்துக் காப்பாத்துவேன். எனக்கு வந்தா மானம் பூடுமே மேடம்!"