கேட்டில் கேட்ட தீர்ப்பு

ஒச்சப்பன் நாசமாய்ப் போவதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்பதற்காகவே மிக்கேலம்மாள் ஏழாயிரம்பண்ணைக்குத் திரும்பி வந்திருந்தாள். கடற்கரையில் பிறந்தவள், பட்டாசு வேலையின் வாசனைகூட அறியாதவள். ஆனாலும் அவன் போர்மேனாக இருக்கும் கம்பெனியாகப் பார்த்து, கெஞ்சிக் கூத்தாடி வேலை வாங்கிவிட்டாள்.

நாலு வருஷத்துக்கு முன்னால், கல்யாண நாளும் அதுவுமாக, அவள் தூத்துக்குடியில் ஆசையாய் எடுத்துவந்த பளபளச் சட்டையைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனான் புருஷன் முனியராஜ். மத்தியானத்துக்குள் அவன் இருந்த அறை வெடித்துச் சிதறியது. "தப்பு என்னுதுதான்" என்று போலீசில் தானே ஒப்புக்கொண்டு ஜெயிலுக்குப் போன போர்மேன் ஒச்சப்பன், வெளியே வந்து மறுபடியும் ராஜாவாட்டம் நடமாடுகிறான். அவளுக்கு வயிறு எரியாதா?

"ஆண்டவர் அவருடைய வேளையில் நியாயம் தீர்ப்பார். பொறுமையாயிரு" என்றார் பங்குச் சாமியார். பொறுத்தாள். பிறந்த ஊரில் தினமும் ஜெபமாலை உருட்டி, அந்த ஆள் தலையில் இடி விழச் சொல்லி வேண்டிக்கொண்டே பொறுத்தாள்.

முதல் நாளே அவளைக் கேட்டில் மறித்தான் ஒச்சப்பன். யாரென்று தெரிந்ததும் அவன் முகம் செத்துப்போயிற்று.

"தாயி, சேலையை மாத்திட்டு வாங்க. நைலான் கட்டிக்கிட்டு உள்ள போகக் கூடாது."

"என் சேலை உன்னை என்ன பண்ணுச்சு?"

"நைலான் உரசுனா பொறி வரும். கண்ணுக்குத் தெரியாது. மருந்து வெடிக்க அம்புட்டுப் போதும். இங்கன எல்லாருக்கும் பருத்திதான்."

கூட வந்த பெண்கள் வேடிக்கை பார்த்தார்கள். அது மிக்கேலம்மாளுக்கு வசதியாகப் போயிற்று.

"அடேயப்பா, அடுத்தவ உசுரு மேல எம்புட்டு அக்கறை. என் புருசன் போன அன்னைக்கு இந்த அக்கறை எங்க போச்சு?"

"அன்னைக்குக் கண்டிப்பா இல்லாமப் போயிட்டேன் தாயி. தப்பு என்னுதுதான்."

"ஜெயில்ல களி தின்னுட்டு வந்தா தப்பு தீந்துருமா? உன்னைக் கேக்க எங்க ஆண்டவர் இருக்காரு." இரண்டு கைகளையும் வானத்துக்குத் தூக்கினாள். "ஆண்டவரே, நான் காத்துக் கெடந்தது போதும். என் புருசன் சாவுக்கு யாரு காரணமோ, அவங்களுக்கு இன்னைக்கே, இந்த எடத்துலயே தீர்ப்புக் குடுத்துரும்."

ஒச்சப்பன் பதறிப்போனான். "அப்படிக் கேக்காதீக தாயி. வேற என்ன வேணாலும் கேளுங்க, அதைக் கேக்காதீக."

"ஏன், பயமா இருக்கா?"

"எனக்காகச் சொல்லலை."

"பெறகு யாருக்காகவாம்?"

அவன் மற்ற பெண்களை உள்ளே போகச் சொல்லிக் கையைக் காட்டினான். கடைசி ஆள் போகும்வரை காத்திருந்தான்.

"யாருக்காகன்னு சொல்லு. இந்தச் சிலுவை மேல ஆணை" என்று ஜெபமாலையை அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள். "நாலு வருசமா எதை மறைக்கிற?"

ஒச்சப்பன் குரலைத் தணித்துக்கொண்டு சொன்னான்.

"அந்தக் கல்யாண நாளுச் சட்டை நைலான், தாயி."