இருபதாவது கேள்வி

"சின்னச் சின்ன விஷயமா எழுதுங்கம்மா. கேட்டா டக்குனு வாயில வரணும்," என்றாள் சங்கவி.

சுரையா மடியில் தாளை வைத்துக்கொண்டு பேனாவைப் பிடித்திருந்தார்.

"இதெல்லாம் எதுக்கும்மா? ஆபரேஷன்னா மயக்க மருந்து குடுத்துத்தானே செய்வாங்க?"

"தலையத் திறக்கற வரைக்கும் குடுப்பாங்க. அப்புறம் எழுப்பிடுவாங்க. கட்டி இருக்கறது பேச்சு வர்ற இடத்துக்குப் பக்கத்துல. டாக்டர் ஒவ்வொரு இடமா லேசா கரண்ட் வச்சுப் பாப்பாரு. நான் கேள்வி கேப்பேன். பதில் சரியா வந்தா அந்த இடத்துல இருக்கறத எடுக்கலாம். தப்பா வந்தா கை வைக்கக் கூடாது."

"வைக்கலைன்னா?"

"கட்டி உள்ளயே நின்னுடும். திரும்ப வளரும்."

சங்கவி பேச்சுப் பயிற்சியாளராக இந்த ஆஸ்பத்திரியில் சேர்ந்து எட்டு மாதம்தான். இப்படியோர் ஆபரேஷனில் அவள் உட்காரப் போவதும் நாளைக்குத்தான் முதல் தடவை. அது தெரிந்தால் இந்த அம்மா இங்கேயே விழுந்துவிடுவார் என்று வராத சிரிப்பை வரவழைத்துக்கொண்டாள்.

"இருபது விஷயம் போதும்மா."

சுரையா எழுத எழுத வாயும் சேர்ந்து பேசியது. கணவர் தாஜுதீன் சரக்குக் கப்பலில் எலக்ட்ரீஷியன். முப்பத்தோரு நாடு பார்த்தவர். "பொட்டியில துணியவிட புஸ்தகம்தான் நெறைய. ஒரு தடவை போட்டுக்கச் சட்டையில்லாம கப்பல் சமையல்காரரு சட்டையப் போட்டுக்கிட்டு வீடு வந்தாங்க. ஊருக்கு வந்தா ஞாயித்துக்கிழமை காந்தி வீதிதான். பழைய புஸ்தகக் கடையில நின்னுட்டா சோத்து நெனப்பே வராது. பிள்ளைங்களைத் தூங்க வைக்க பிரெஞ்சுக் கதைய தமிழ்ல சொல்லுவாங்க. பாதிக் கதையில அவங்கதான் முதல்ல தூங்குவாங்க."

சங்கவிக்கு இப்போது நிஜமாகவே சிரிப்பு வந்தது.

"இன்னொரு கிறுக்கு கேளு. எந்த ஊர்ல எறங்குனாலும் பிள்ளைங்களுக்குப் படக்கதைப் புஸ்தகம் வாங்குவாங்க. ஆளுக்கு ஒண்ணு வாங்கினாப் போதாது, கூட ஒண்ணு வாங்கணும். அத யாரும் தொடக் கூடாது. பிரிக்காமலே அலமாரி மேல கெடக்கும். ஏன்னு கேட்டா, இருக்கட்டுமேம்பாங்க."

பத்தொன்பது ஆயிற்று. இருபதாவதுக்கு ஒன்றும் தோன்றவில்லை.

"பிள்ளைங்க எத்தனைன்னு போடுங்கம்மா. சுலபமா ஒண்ணு இருக்கட்டும்."

பேனா ஒரு கணம் நின்றது. 'ரெண்டு. ஃபவாஸ், ரூமானா' என்று எழுதிக் கொடுத்தார்.

மறுநாள் காலை. ஆபரேஷன் தியேட்டரின் குளிர் எலும்பில் ஏறியது. நீலத் துணியின் இந்தப் பக்கம் தாஜுதீனின் முகமும் சங்கவியும். அந்தப் பக்கமிருந்து டாக்டர் மதிவாணனின் குரல் மட்டும் வந்தது.

"எத்தனை நாடு சார் போயிருக்கீங்க?" என்று ஆரம்பித்தாள் சங்கவி.

"முப்பத்தொண்ணு."

"பொட்டியில எது நெறைய?"

"புஸ்தகம். சுரையாவக் கேட்டா துணியே கிடையாதும்பா."

நர்ஸ் சிரித்துவிட்டார்.

"ஞாயித்துக்கிழமை எங்க நிப்பீங்க?"

"கா... கா..."

வார்த்தை வரவில்லை. அவர் கண்களில் திகில் தெரிந்தது. டாக்டர் சட்டென்று கரண்ட்டை எடுத்தார். "காந்தி வீதி," என்றார் தாஜுதீன், மூச்சு வாங்க. சங்கவிக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

ஒரு மணி நேரம் இப்படியே போயிற்று.

"கடைசி இடம். பெரிய துண்டே இங்கதான் இருக்கு. கேளும்மா," என்றார் டாக்டர்.

"உங்களுக்கு எத்தனை பிள்ளைங்க சார்?"

"மூணு."

சங்கவி கையிலிருந்த தாளைப் பார்த்தாள். 'ரெண்டு' என்றுதான் இருந்தது. "நல்லா யோசிச்சு சொல்லுங்க சார். எத்தனை பேரு?"

"மூணு."

"கரண்ட்ட எடுத்துட்டேன். இப்பக் கேளு."

"மூணு பேர்தாம்மா," என்றார் தாஜுதீன், பொறுமையாக.

டாக்டர் தணிந்த குரலில், "எங்கயோ பட்டுடுச்சு போலிருக்கு. இதோட நிறுத்திக்கலாம்," என்றார்.

"ஒரே நிமிஷம் சார்! எதுக்கும் அந்த அம்மாவ ஒரு வார்த்தை கேட்டுடறேன்."

தாளோடு கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே ஓடினாள். துஆ ஓதியபடி தஸ்பீஹ் ஜெபமணியை உருட்டிக்கொண்டிருந்த சுரையா பதறி எழுந்தார்.

"உங்களுக்கு எத்தனை பிள்ளைங்கம்மா?"

"ரெண்டு. எழுதிக் குடுத்தனே! என்னம்மா ஆச்சு அவங்களுக்கு?"

"கேக்கக் கேக்க மூணுன்னே சொல்றாரு. டாக்டர் பாதியில நிறுத்தப் போறாரு."

உருண்டுகொண்டிருந்த மணி நின்றது.

"மூணுன்னா சொன்னாங்க?"

சுரையா சுவரைப் பிடித்துக்கொண்டார். கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

"மூத்தவ ஒருத்தி இருந்தா. மூணே நாளு. பேரு வைக்கல. அப்ப அவங்க நடுக்கடல்ல இருந்தாங்க, மொகத்தக்கூடப் பாக்கல. வந்தப்புறம் ஒரு வார்த்தை கேக்கல. இருபத்தேழு வருஷமா வாயத் தொறக்கல. எனக்கு மட்டுந்தான் அவ மகள்னு நெனச்சுட்டேன்."

சங்கவியிடமிருந்த தாளையும் பேனாவையும் பிடுங்கி 'ரெண்டு' என்பதை அடித்துவிட்டு 'மூணு' என்று எழுதினார்.

"ஓடும்மா! அவங்க சொன்னதுதான் சரி, டாக்டர எடுக்கச் சொல்லு. அலமாரி மேல இருக்கற புஸ்தகமெல்லாம் அவளோடது!"